கண்ணை மூடினால் வெள்ளம்: தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நாற்பத்தாறு வயதுப் பெண். தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றுகிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் 2016-இல் இறந்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் வயதான மாமியாரும் கல்லூரிக்குப் போகும் மகனும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில், அவர் வீட்டுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வரும் சுகாதாரப் பணியாளர் ஒருவர் சொல்லி, மனநல ஆலோசனைக்காக என்னிடம் வந்தார். அவரது சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உட்கார்ந்ததும் அவர் சொன்ன குறை தூக்கமின்மையோ படபடப்போ அல்ல. "எல்லாருக்கும் தியானம் பண்ணுனா மனசு அமைதியாவுது மேடம். எனக்கு மட்டும் ஆவ மாட்டேங்கு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல போல."

இதைக் கேட்ட இடத்திலேயே நின்று விசாரித்ததால்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. அந்த ஆண்டு பங்குனி மாதம், பக்கத்து டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்த இலவசத் தியான வகுப்புக்கு அண்டை வீட்டு அக்கா அழைத்துப் போயிருக்கிறார். உறக்கம் வரும், கவலை குறையும் என்று நல்ல மனதோடுதான் அழைத்தார். முக்கால் மணி நேரம் கண்ணை மூடி அசையாமல் உட்கார வேண்டும், மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் இளகுவதற்காக ஒலிபெருக்கியில் ஆறு ஓடும் சத்தத்தைப் போட்டிருக்கிறார்கள்.

முதல் நாளே நெஞ்சு படபடத்தது. பழக்கமில்லாததால் என்று நினைத்துக்கொண்டார். ஓரிரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். ஒரு நாள் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஆடு கத்துவது கேட்டது. அலறி எழுந்து செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். நடத்தியவர் அன்பாகத்தான் பேசினாராம்: உள்ளே தேங்கியது வெளியே போகிறது, விடாமல் உட்காருங்கள், சரியாகிவிடும். அந்தச் சொல்லை நம்பி வீட்டிலும் காலையும் மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு கண்ணைத் திறந்திருக்கும்போதும் வெள்ளம் வரத் தொடங்கியது.

2023 மார்கழி முதல் நாள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி பிறந்த நாள். அன்றும் மறுநாளும் தென் மாவட்டங்களில் பெய்த மழையை இந்தச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அணைகளிலிருந்து திறந்த நீரும் காட்டாற்று நீரும் சேர்ந்து தாமிரபரணி இரு கரையும் புரண்டது.

இவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது இரவில். படுத்த படுக்கையாக இல்லாவிட்டாலும் மாமியாரால் வேகமாக நடக்க முடியாது. மகனும் இவரும் அவரைத் தூக்கிக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் இரண்டு வீடு தள்ளி இருந்த மாடி வீட்டுக்குப் போனார்கள். மொட்டை மாடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அந்த இரவையும் மறு பகலையும் கழித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நான்கு ஆடுகள் கட்டியிருந்தன. இருட்டில் அவை கத்துவது மாடி வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அந்த நான்கு ஆடுகளையும் சாயங்காலம் கட்டியது இவர்தான்.

நிவாரணம், கணக்கெடுப்பு, சேறு வாருவது, பாய் தலையணையைக் காயப்போடுவது என்று முதல் இரண்டு மாதம் ஓடிவிட்டது. யாரும் சாகவில்லை என்பதால் இவர் வீட்டைப் பாதிப்பில்லாத வீடு என்றே ஊர் நினைத்தது. ஆட்டைப் பற்றி ஒருமுறை அழுதபோது, "உசுரு பொழச்சதே பெருசு, ஆட்டுக்கு அழுதுகிட்டு" என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஆட்டைப் பற்றி யாரிடமும் அவர் பேசவில்லை. என்னிடமும் உடனே பேசவில்லை.

மதிப்பீடு

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்விப்பட்டியலில் 27-க்கு 19. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தை அளக்கும் பி.சி.எல்-5-இல் 80-க்கு 52. இந்த இரண்டாவது அளவுகோலில் முப்பதின் தொடக்கத்தைத் தாண்டினாலே முழுமையாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆற்றுப் பாலத்தைத் தவிர்க்கப் பேருந்தில் சுற்றி வருகிறார். மழை இருட்டினால் மாமியாரை எழுப்பி உட்கார வைக்கிறார். பக்கத்தில் பாத்திரம் விழுந்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. "ஆத்தோட போயிருக்கலாம்னு தோணும்" என்றார். குறுக்கே பேசாமல், நேராகக் கேட்டேன்: உயிரை விட வழி ஏதும் யோசித்திருக்கிறீர்களா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா? திட்டம் எதுவும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனாலும் மகனிடம் பேசி, நெருக்கடியானால் எந்த நேரமும் அழைக்க, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ வீட்டுச் சுவரில் எழுதச் செய்தோம்.

பழைய கதையும் முக்கியம். முதல் பிரசவத்துக்குப் பின் ஆறேழு மாதம் பிள்ளையைத் தொடக்கூடப் பிடிக்காமல் கிடந்திருக்கிறார். அப்போது பயந்த கோளாறு என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கணவர் இறந்த பிறகு ஓராண்டுக்கு மேல் இன்னொரு முறை. ஆக இது மூன்றாவது மனச்சோர்வு. இந்த எண்ணிக்கை பின்னால் ஒரு முடிவை எடுக்க உதவியது.

உடம்பையும் பார்த்தாக வேண்டும். நெஞ்சு படபடப்பு என்று வருபவரை நேரே மனநோய்க் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இ.சி.ஜி., தைராய்டு இரண்டும் சரி. ஹீமோகுளோபின் 9.2, இரத்தசோகை; இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினார்கள். இன்னொன்று, பீடி சுற்றுபவர்களைப் பார்க்கும் மருத்துவர்களிடமும் நான் விடாமல் சொல்வது: புகையிலைத் தூளின் நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் சேரும், இதயத் துடிப்பைக் கூட்டும். ஒருமுறைகூடப் புகைக்காத பெண்ணின் படபடப்பிலும் புகையிலைக்குப் பங்கிருக்கலாம்.

சுளகு மடியில், மனம் ஆற்றில்

இவரது வேலையைப் புரிந்துகொள்ளாமல் நோயைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றியது. அதனால் சுற்றிக் காட்டச் சொன்னேன்.

சுளகை மடியில் வைத்து, நனைத்து வெட்டிய இலையை எடுத்து, தூளைக் கிள்ளி நீளவாக்கில் பரப்பி, விரலால் உருட்டி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, வாயை மடக்கி வைக்கிறார். கண் எங்கோ இருக்க, கை பாட்டுக்குச் சுற்றுகிறது. பதினைந்து வயதில் பழகிய கை. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. வீட்டு வேலைக்கு நடுவே எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அறுநூறு பீடி, இருபத்து நான்கு கட்டு. மாலையில் பீடிக்கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். சுற்று தளர்ந்திருந்தால் கழித்துவிடுவார்கள்.

உழைப்பே தியானம், கைவேலையே தவம் என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். பீடி சுற்றும் பெண்களைப் பார்த்த பிறகு அதை என்னால் ஏற்க முடியவில்லை. முழுக்கப் பழகிப்போன வேலை கவனத்தைக் கேட்பதில்லை. கை ஓடிக்கொண்டிருக்கும், மனம் சும்மா கிடக்கும். சோர்ந்த மனம் சும்மா கிடந்தால் புண்பட்ட இடத்துக்கே போகும். 2010-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியே அவ்வப்போது "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம், செய்கிற வேலையில் மனம் இல்லை. அப்படி மனம் அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. இவருக்கோ ஒரு நாளில் எட்டு மணி நேரம் அப்படி.

அது மட்டுமல்ல. நாளுக்கு அறுநூறு முறை முடிச்சுப் போடுகிறார். பல வாரம் கழித்து, நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவரே சொன்னார்: "ஒவ்வொரு முடிச்சுக்கும் அந்தக் கயிறு ஞாபகம் வருது மேடம். நான் கெட்டுன கயிறுல்லா."

தியானம் ஏன் கெடுத்தது

மூன்று காரணங்கள் சேர்ந்தன என்பது என் கணிப்பு.

பேரதிர்ச்சியின் நினைவு மற்ற நினைவுகளைப்போல நேற்று, போன வருடம் என்று அடுக்கில் இருப்பதில்லை. ஒரு சத்தம், ஒரு வாடை பட்டால் இப்போதே நடப்பதுபோல எழும். கண் திறந்திருக்கும்போது சுவர், வெயில், மகனின் சட்டை எல்லாம் "நீ இங்கே இருக்கிறாய்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணை மூடினால் அந்தச் சாட்சிகள் போய்விடும். அதோடு ஆற்றுச் சத்தத்தையும் ஓடவிட்டால் அந்த இரவை அப்படியே அரங்கேற்றியதுபோல் ஆயிற்று. வேறொருவருக்குத் தாலாட்டாக இருக்கும் ஒலி இவருக்கு அபாயச் சங்கு.

அடுத்து, மூச்சு. பெரும்பாலான தியான வகுப்புகள் மூச்சிலிருந்துதான் தொடங்குகின்றன. பலருக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் படபடப்பு உள்ளவர் நெஞ்சையே உற்றுக் கவனித்தால் சிறு துடிப்பும் பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிந்தால் பயம், பயத்தால் இன்னும் துடிப்பு. இரத்தசோகையும் பல ஆண்டுகள் தூள் மூக்கில் ஏறிய இருமலும் உள்ள ஒருவருக்கு மூச்சு அமைதியான இடமே அல்ல.

மூன்றாவது, வரவில்லை என்றால் உன் குறை என்ற எண்ணம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் எல்லோரும் சிரித்த முகத்தோடு எழும்போது இவர் மட்டும் நடுங்கினார். ஆட்டைக் காப்பாற்றவில்லை என்று ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக்கியவருக்கு இன்னொரு குற்றப்பத்திரிகை கிடைத்தது.

இது அபூர்வமும் அல்ல. தியானத்தால் வரும் பாதகமான அனுபவங்களைப் பற்றி மிகேல் ஃபாரியாஸ் குழு 2020-இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏறத்தாழ 8 சதவீதம் பேரிடம் அப்படி ஏதேனும் இருந்தது. பதற்றமும் சோர்வும்தான் அதிகம். பன்னிரண்டில் ஒருவர் என்றால் ஒரு மண்டபத்துக்கு நாலைந்து பேர் வரலாம். வகுப்பை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. உட்கார வைக்கும் முன் தனியே அழைத்து, சமீபத்தில் பெரிய இழப்போ அதிர்ச்சியோ உண்டா, மனநல மருந்து ஏதும் எடுக்கிறீர்களா, காதில் குரல் கேட்டதுண்டா என்று கேட்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், நடுவில் எழுந்து போகலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால், யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சிகிச்சை

முதல் வேலையாக, மூடிய கண் தியானத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்துவது தோல்வியல்ல, காய்ச்சலில் இருப்பவர் வயல் வேலையை நிறுத்துவதுபோல்தான் என்றேன். முகம் அப்போதே கொஞ்சம் தெளிந்தது. மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரையைத் தொடங்கினார். பலன் தெரிய சில வாரம் ஆகும், முதலில் வயிறு கொஞ்சம் புரட்டும், அதற்காக நிறுத்திவிடக் கூடாது என்று மகனையும் உட்கார வைத்துச் சொன்னோம். இந்த ஒரு பேச்சைப் பேசாததால் பாதியில் மாத்திரையை விட்டவர்கள் ஏராளம்.

வெள்ளம் மனதில் எழும்போது கரையேற ஒரு வழி வேண்டும். கண்ணைத் திறந்து, உள்ளங்காலைச் சிமென்ட் தரையில் அழுத்தி, எதிரே தெரிவதைப் பெயர் சொல்லி எண்ணுவது: கதவு, வேம்பு, குடம், அத்தை. தியானமாக இல்லாமல் முதலுதவியாகவே இதைக் கொடுத்தேன்.

அடுத்து, அந்த இரவைப் பேசுவது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு உறுதியான சான்றுள்ள முதல் சிகிச்சை, அந்த நிகழ்வை நேரடியாக எடுத்துப் பேசும் உளவியல் சிகிச்சைதான். தியானம் அந்த இடத்துக்குப் போட்டி போட முடியாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 116 பேரிடம் மெலிசா பொலுஸ்னி குழு செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவார்ந்த கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ், நடப்பதை அந்தந்தக் கணத்தில் கவனிக்கப் பழகுவது) ஒப்பீட்டுக் குழுவைவிடச் சற்று நன்மை தந்தது. சற்றுத்தான். ஆக, துணைக்கு வைத்துக்கொள்ளலாம், முதல் மருந்தாக அல்ல.

சாயங்காலத்திலிருந்து மறுநாள் படகு வந்தது வரை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஆட்டுக் கொட்டகையைத் தாண்டிக் குதித்துவிடுவார். அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் மாமியாரையும் கூட்டி வந்திருந்தார். அன்று தானாகவே அந்த இடத்தில் நின்றார். நாலு ஆட்டின் பெயரையும் சொன்னார். அவுத்து விட்டிருக்கணும், அவுத்து விட்டிருக்கணும் என்று அழுதார். மாமியார் அதுவரை வாய் திறக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, நீ ஆட்ட அவுக்கப் போயிருந்தா என்னைய யாரு தூக்கியிருப்பா? சின்னப்பய ஒத்தையில தூக்கிருவானா?"

எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் இதைப் பேசியதில்லை. நான் எத்தனை விளக்கம் சொல்லியிருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது. அதற்குப் பிறகு சொன்ன கதையில் வரிசை மாறியது. கட்டியபோது தெருவில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வந்தபோது கையில் அத்தை இருந்தார். குற்ற உணர்வு ஒரே நாளில் போய்விடவில்லை, ஆனால் துக்கமாக மாறத் தொடங்கியது. துக்கத்துக்கு அழ முடியும்.

ஆற்றையும் படிப்படியாகத் திரும்பப் பிடித்தார். முதலில் மகனோடு பேருந்தில் பாலத்தைக் கடப்பது, பிறகு நடந்து கடப்பது, பிறகு படித்துறையின் மேல்படியில் உட்கார்வது. ஐப்பசி வாக்கில் காலை நனைத்துவிட்டு வந்து சொன்னார்.

கட்டுக்கு ஒரு நிறுத்தம்

கவனப் பயிற்சியை இந்தக் கட்டத்தில்தான் மறுபடி எடுத்தோம், வேறு உருவத்தில்.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் நினைவார்ந்த கவனப் பயிற்சியின் மருத்துவ வடிவம் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. நாள்பட்ட வலியோடு இருந்த, மருத்துவத்தால் மேற்கொண்டு பெரிதாக எதுவும் செய்ய முடியாத நோயாளிகளுக்காக. எட்டு வாரம், வாரம் ஒரு நீண்ட வகுப்பு, வீட்டில் தினமும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். வேர் பௌத்த விபாசனையில். நம் மண்ணுக்கும் மனதை ஒருமுகப்படுத்தும் மரபு புதிதல்ல. ஆனால் எந்த மரபாக இருந்தாலும், அந்த முக்கால் மணி நேரம் யாருடைய நாளிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். இவர் நாளில் முக்கால் மணி என்றால் இரண்டு கட்டு பீடிக்கான கூலி.

எனவே வேலையை நிறுத்தாமல், வேலைக்குள்ளேயே இடம் தேடினோம். இருபத்தைந்து எண்ணிக் கட்டுப் போடும்போது கை எப்படியும் ஒரு நொடி நிற்கிறது. அந்த இடத்தில் அரை நிமிடம். கண்ணைத் திறந்தபடி, உள்ளங்காலை உணர்ந்து, வாசல் வேம்பைப் பார்த்து, மனம் இப்போது எங்கே போயிருந்தது என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொள்வது. ஆடு. கடன். மகன் பீஸ். அடுப்பு. சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுப்பது. நல்ல எண்ணமா கெட்ட எண்ணமா என்று பார்ப்பதில்லை, விரட்டுவதும் இல்லை. இருபத்து நான்கு கட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. மூச்சைத் தொடவே இல்லை.

மனச்சோர்வு மறுபடி வருவதில் பெரும் பங்கு, ஒரே எண்ணத்தை அசைபோட்டுக்கொண்டே இருப்பதற்கு உண்டு. "நான் பாவி" என்று எண்ணுவதற்கும், "நான் பாவி என்ற எண்ணம் இப்போது வந்திருக்கிறது" என்று பார்ப்பதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. கவனப் பயிற்சி வேலை செய்யும்போது இந்த இடைவெளி வழியாகத்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. இவர் அதை இவர் பாணியில் சொன்னார்: "மொதல்லல்லாம் எண்ணம் வந்துட்டுன்னே தெரியாது மேடம், சாயங்காலம் வரை அதுக்குள்ளதான் கெடப்பேன். இப்ப ஒரு கட்டுக்குள்ள புடிச்சிருதேன்."

முதல் வாரங்களில் நிறுத்தத்தை மறந்துவிடுவார். கட்டும் நூலில் ஒரு நிற நூலைச் சேர்த்துப் பார்த்தோம். பீடிக்கடையில் ஏற்க மாட்டார்கள் என்பதால் அது நடக்கவில்லை. கடைசியில் சுளகின் ஓரத்தில் மஞ்சளால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார். அது அவர் யோசனை.

2024 டிசம்பர் நடுவில் தென் மாவட்டங்களில் மறுபடி கனமழை, தாமிரபரணியில் மறுபடி வெள்ளம். சரியாக ஓராண்டு. ஊரே பயந்திருந்தபோது இவர் பயந்ததில் நோய் எதுவும் இல்லை. மாமியாரை முன்கூட்டியே மகள் வீட்டுக்கு அனுப்பினார், சான்றிதழ்களைப் பரணில் ஏற்றினார், இரவு முழுக்க விழித்திருந்தார். போனில் என்னிடம் பேசும்போது குரல் நடுங்கியது. ஆனால் போன வருட வெள்ளத்தையும் இந்த வருட வெள்ளத்தையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. அந்த வாரம் பி.சி.எல்-5 மதிப்பெண் ஏறியது. தை பிறந்ததும் இறங்கியது.

மூன்றாவது முறைக்குப் பிறகு

அதிர்ச்சியின் வேகம் தணிந்த பின், 2025 தொடக்கத்தில், மனச்சோர்வு மீண்டும் வராமல் இருப்பதற்கான எட்டு வாரக் கவனப் பயிற்சியில் சேர்த்தோம். ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் உருவாக்கிய இந்த முறையின் முதல் பெரிய சோதனை 2000-இல் வெளியானது, 145 பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில், வழக்கமான கவனிப்பில் இருந்தோரில் 66 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நோய் திரும்பியது. பயிற்சி பெற்றவர்களில் 37 சதவீதம். இரண்டே முறை கண்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. இவரது பழைய கதையில் அந்தப் பிரசவ காலத்தைக் கேட்டு எழுதியது இங்கேதான் உதவியது.

வகுப்பில் ஐந்து பெண்கள். வழக்கமாக உலர்ந்த திராட்சை ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்த்து, முகர்ந்து, மென்று தொடங்குவார்கள். நாங்கள் உடன்குடிக் கருப்பட்டித் துண்டு கொடுத்தோம். மூச்சுப் பயிற்சியை விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், திறந்த வாசலில், கண் திறந்தபடி, மிகக் குறைந்த நேரத்துக்கு. இவர் நாலாவது வாரத்தில் தானாகவே கண்ணை மூடிப் பார்த்தார். திறந்தார். மறுபடி மூடினார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

தியானத்தைப் பற்றி ஊதிப் பெருக்கிய பேச்சு நிறைய இருப்பதால் சான்றுகளின் அளவையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் மாதவ் கோயல் குழு 47 சோதனைகளை, 3,515 பேரின் தரவுகளை அலசியது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான சான்றோடு சிறிய முதல் நடுத்தரமான நன்மை தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்றச் சிகிச்சைகளைவிட மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எலிசபெத் ஹோஜ் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்ற நோயுள்ள 276 பேரில் எட்டு வாரக் கவனப் பயிற்சி, பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸிடாலோப்ராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. அதே 2022-இல் பிரிட்டனில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் பொதுவாகக் கற்பித்துப் பார்த்ததில் வழக்கமான பாடத்தைவிட நன்மை எதுவும் தெரியவில்லை. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு முரண் தெரியவில்லை. யாருக்கு, எந்த வகையில், நோயின் எந்தக் கட்டத்தில், யார் துணையோடு என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. இந்த ஒரே பெண்ணிடம் பங்குனியில் கெடுத்தது அடுத்த மாசியில் உதவியது.

இவர் தேறியதில் எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு இரும்புச்சத்தால், எவ்வளவு மாமியாரின் அந்தக் கேள்வியால், எவ்வளவு கவனப் பயிற்சியால் என்று பிரிக்க ஒற்றை நிகழ்வில் வழியில்லை. என்னைக் கேட்டால் பயிற்சியை முதலிடத்தில் வைக்க மாட்டேன். அந்த இரவைப் பேசி முடித்ததற்கே முதலிடம்.

இப்போதைய நிலை

2025 ஆகஸ்டில் பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 7, பி.சி.எல்-5 மதிப்பெண் 20. ஹீமோகுளோபின் 11.4. ஆற்றுப் பாலம் இப்போது பேருந்துப் பாதை, அவ்வளவுதான். மழை இரவுகளில் இன்னும் உறக்கம் கெடுகிறது. ஆடு வாங்கவில்லை, வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் கூடாது என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். கட்டு நிறுத்தம் தொடர்கிறது, எல்லாக் கட்டுக்கும் அல்ல, நாளில் பாதிக்கு. வேலையின்போது துணியால் மூக்கைக் கட்டுகிறார், கதவைத் திறந்து வைக்கிறார். தூளைத் தவிர்க்க அதற்கு மேல் அவரால் முடியவில்லை, வேறு வருமானமும் இல்லை.

மாத்திரையை நிறுத்தலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். 2015-இல் வெளியான வில்லெம் குய்க்கன் குழுவின் ஆய்வில் 424 பேரில், பயிற்சி பெற்று மருந்தைக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் இரண்டாண்டில் நோய் திரும்பியது. அதாவது, மருந்து வேண்டாம் என்பவருக்குப் பயிற்சி ஒரு நியாயமான வழி, ஆனால் இரண்டுமே உத்தரவாதம் அல்ல. இதை அவருக்கு அப்படியே சொன்னோம். மனநல மருத்துவர் 2025 மார்கழியும் தாண்டட்டும் என்றார், அவரும் ஒத்துக்கொண்டார். பொங்கலுக்குப் பிறகு அளவைப் பாதியாக்கி, மாதம் ஒருமுறை பி.எச்.க்யூ-9 எடுத்து, மதிப்பெண் 10-ஐத் தொட்டால் பழைய அளவுக்கே திரும்புவது என்று மூவரும் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு பிரதி மகனிடம் இருக்கிறது.